செல்லாத வாக்கு ஒன்று

ரீச்சர் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி, அதற்குள் மடித்த கடதாசித் துண்டுகளைப் போட்டு மேசை மேசையாகக் கொண்டுவந்தார். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். ஒரு மாநிலம், ஓர் ஆண்டு. அந்த மாநிலத்தில் அந்த ஆண்டு அமெரிக்க சனாதிபதித் தேர்தல் எப்படி நடந்தது என்று ஆறு பக்கம் எழுதி, வகுப்பின் முன்னால் பத்து நிமிடம் பேச வேண்டும். எனக்கு முன்னால் இருந்த ஆப்கானிஸ்தான் பெண்ணுக்கு வேர்ஜீனியா வந்தது. எனக்கு வந்தது நியூ ஜேர்சி, ஆயிரத்து எண்ணூற்று நான்கு. நியூ ஜேர்சியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சித்தப்பாவின் மகன் ஒருவன் அங்கே கார்களுக்குப் பெற்றோல் அடிக்கிற செற் வைத்திருப்பதும், அவனுடைய கலியாணத்துக்குப் போனபோது எங்கள் காரின் ரயர் வெடித்ததும்தான்.

எனக்கு அறுபத்திரண்டு வயது. படச்சட்டம் செய்கிற தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நின்றபடி வேலை செய்தேன். அதை மூடியபோது மனேச்சர் ஒரு கேக்கும் ஒரு படச்சட்டமும் தந்து அனுப்பினார். சட்டத்துக்குள் படம் இல்லை. அதற்குப் பிறகு எந்த விண்ணப்பத்தை நிரப்பினாலும் படிப்பு எதுவரை என்ற கேள்வியில் என் பேனை நின்றுவிடும். ஊரில் உயர்தரப் பரீட்சை எழுதவிருந்த வருடம் பள்ளிக்கூடத்துக்குள் ஆமி வந்து இருந்துவிட்டது. அதனால் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பக்கத்தில் எங்கள் அப்பார்ட்மென்றில் இருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய வளர்ந்தோர் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். கணக்கு முடிந்தது, ஆங்கிலம் முடிந்தது, விஞ்ஞானம் அழுது அழுது முடிந்தது. இன்னும் ஒரே ஒரு பாடம் மிச்சம். காலை வகுப்பில் இடம் இருந்தது அமெரிக்க வரலாற்றில் மட்டும். கனடாவில் இருந்துகொண்டு இதென்ன தேவையில்லாத வேலை என்று என் கணவர் இரத்தினவேல் கேட்டார். தேவையில்லாத வேலையைத்தானே இத்தனை வருடமாகச் செய்கிறேன், இதையும் செய்துவிட்டுப் போகிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டுப் பேப்பரைத் தூக்கினார். நல்ல மனிதர். சண்டை என்றால் பேப்பரைத் தூக்குவார், அவ்வளவுதான்.

நூலகத்தில் ரீச்சர் காட்டிய புத்தகங்களை மூன்று கிழமை வாசித்தேன். முதலில் விளங்கியது, அந்தக் காலத்தில் பல மாநிலங்களில் சனங்கள் சனாதிபதிக்கு வாக்களிக்கவே இல்லை என்பது. சட்டசபையில் இருந்தவர்களே தங்களுக்குள் பேசி, சனாதிபதியைத் தெரிவுசெய்கிற ஆட்களை நியமித்துவிடுவார்கள். நியூ ஜேர்சியிலும் முன்னர் அப்படித்தான். ஆயிரத்து எண்ணூற்று நான்கில்தான் அந்த ஆட்களைச் சனங்களே தெரிவுசெய்யட்டும் என்று விட்டார்கள். சரி, எழுத ஒன்று அகப்பட்டது என்று குறிப்பெடுத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினால் அடுத்தது தலையைத் தூக்க வைத்தது. அந்த மாநிலத்தில் மட்டும் பெண்களுக்கும் வாக்கு இருந்திருக்கிறது. ஐம்பது பவுண் பெறுமதியான சொத்து இருந்தால் போதும் என்றுதான் சட்டம். ஆண் என்று எழுதவில்லை. அந்தக் காலத்து வாக்காளர் பட்டியல்கள் சிலவற்றில் ஆண்களின் பெயர்களுக்கு நடுவே பெண்களின் பெயர்களும் இருக்கின்றன. ஆனால் கலியாணம் கட்டியவளின் சொத்து புருசனுடைய சொத்து. ஆகவே அவளிடம் ஐம்பது பவுண் ஒருநாளும் இருக்காது. கட்டாதவள் போடலாம், விதவை போடலாம், கட்டியவள் போடமுடியாது. ஆயிரத்து எண்ணூற்று ஏழில் அதையும் எடுத்துவிட்டார்கள். வெள்ளைக்கார ஆண்களுக்கு மட்டும் என்று புதிதாக எழுதி, கறுப்பு மனிதர்களையும் பெண்களையும் ஒரே வரியில் வெளியே விட்டார்கள்.

அன்று மத்தியானம் சோறு போடும்போது இதை இரத்தினவேலிடம் சொன்னேன். அந்த ஊரென்றால் நீங்கள் செத்தால்தான் எனக்கு வோட் என்றேன்.

"அதுக்கு இப்ப அவசரமில்லைத்தானே," என்று அவர் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார்.

இருவரும் சிரித்தோம். சிரித்து முடிந்தபிறகு என் கை கரண்டியோடு அப்படியே நின்றது. ஏனென்றால் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த கடிதம் என் கண்ணில் பட்டது. சேந்தன்முனை மக்கள் ஒன்றியம், கனடா. பொதுக்கூட்ட அழைப்பு. திரு. இரத்தினவேல் குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒரு வாக்கு. நியூ ஜேர்சியைப் பார்த்து வாய் பிளந்த நான், என் குசினிக்குள் நின்றுகொண்டு இத்தனை வருடமாக இதை வாசிக்கவில்லை.

ஒன்றியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேந்தன்முனை எங்கள் கடற்கரை ஊர். அம்மன் கோயிலும் அந்தோனியார் கோயிலும் ஒரே மணலில் இருந்தன. அங்கிருந்து ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த எழுபது குடும்பங்களுக்கு ஒரு சங்கம். கோடையில் ஒன்றுகூடல், மார்கழியில் விருந்து, ஆராவது செத்தால் மலர்வளையம். பதினாலு வருடமாக அமிர்தநாதர் அண்ணைதான் தலைவர். அவர் கெட்டவர் என்று ஒருவரும் சொல்லமுடியாது. சாவீடென்றால் முதலில் வந்து நின்று கடைசியாகப் போவார். இரத்தினவேலுக்கு இங்கே முதல் வேலை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். அவரோடு இருக்கிற ஒரே கஷ்டமும் அதுதான். எல்லாருக்கும் ஏதோ ஒன்று செய்திருக்கிறார், ஆகவே ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எங்கள் கூட்டங்களில் வாக்கெடுப்பு நடந்ததே இல்லை. ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், கைதட்டுவார்கள், ஏகமனதாகத் தெரிவு என்று எழுதுவார்கள். ஏகமனது என்பது எங்கள் ஊருக்கு நகை மாதிரி. அடுத்த ஊர்ச் சங்கம் இரண்டாக உடைந்து நீதிமன்றம் போனபோது நாங்கள் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தோம்.

இந்த வருடத்து அழைப்பில் புதிதாக ஒரு தீர்மானம் இருந்தது. அமிர்தநாதர் அவர்களை வாழ்நாள் தலைவராக்குவது. அதுவும் ஏகமனதாக.

எனக்கு அவரோடு ஒரு மனத்தாங்கல் இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. என் மகள் நிலாணிக்கு முப்பத்தொரு வயது. பார்மசிஸ்ற். போன வருடம் விவாகரத்து எடுத்துக்கொண்டு நாலு வயதுப் பேத்தியோடு ஸ்ரௌவ்வில்லில் தனியாக வீடு வாங்கி இருக்கிறாள். மருமகனும் எங்கள் ஊர்தான். போன கோடை ஒன்றுகூடலில் பதிவு மேசையில் போய் நின்றால் நிலாணியின் பெயர் இல்லை. குடும்பம் மருமகனின் பெயரில் இருந்தது, அவன் அதை வைத்திருந்தான். அமிர்தநாதர் அண்ணை கொஞ்சம் யோசித்து, பேனையை எடுத்து, இரத்தினவேல் குடும்பம் என்ற வரியில் இரண்டு பேர் என்று இருந்ததை வெட்டி நாலு பேர் என்று திருத்தினார். "அப்பான்ரை வரியிலை போட்டிருக்கிறன் பிள்ளை, ஒண்டும் யோசியாதையும்," என்றார். அன்பாகத்தான் சொன்னார். நிலாணி, இற்ஸ் ஓக்கே அங்கிள் என்று சொல்லி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கார் நிறுத்தியிருந்த பக்கம் நடந்தாள். என் பிள்ளை சிரித்துக்கொண்டு போனாள். பிறகு அவள் எதற்கும் வரவில்லை. இற்ஸ் ஜஸ்ற் எ பிக்னிக், அம்மா, விடுங்கோ என்கிறாள். அவள் விடட்டும். விடச்சொல்லி எனக்கு ஒருவரும் சொல்லவேண்டாம்.

அமிர்தநாதர் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். மரியாதையாகத்தான் தொடங்கினேன். பொதுக்கூட்டத்துக்கு முதல் என்னைத் தனி உறுப்பினராகப் பதியவேண்டும், நிலாணியையும் தனியாகப் பதியவேண்டும், வழி என்ன என்று கேட்டேன். அவர் என் முழங்கால் வருத்தத்தை விசாரித்தார், நிலாணியின் மகள் கதைக்கிறாளா என்று விசாரித்தார். பிறகு, சங்கத்து விதிகள் எழுதிய யாப்பில் அதற்கு இடமில்லை என்றார்.

"தங்கச்சி, இரத்தினம் போட்டால் நீங்கள் போட்ட மாதிரித்தானே. ஒரு வீட்டுக்குள்ளை ரெண்டு வோட் எதுக்கு?"

"இரத்தினம் சாப்பிட்டால் எனக்குப் பசி அடங்குதோ அண்ணை?"

நீங்கள் பகிடிக்காரி என்று சிரித்துக்கொண்டு தொலைபேசியை வைத்துவிட்டார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அன்றைக்குக் கறிக்கு உப்பு இரண்டு தரம் போட்டேன். இரத்தினவேல் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுப் பிசைந்து சாப்பிட்டார்.

பேர்ணடெற் அக்காவிடமும் சொன்னேன். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறா. புருசன் போய் ஒன்பது வருடம். ஒன்றியத்தில் வாக்கு இருக்கிற ஆறு பெண்களில் அவவும் ஒருத்தி, ஆறு பேரும் விதவைகள். நியூ ஜேர்சிக் கதையை நான் சொல்லச் சொல்ல அவ பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தா. கடைசியில் சொன்னா, "எங்கடை இவரின்ரை முப்பத்தோராம் நாள் பூசை முடிஞ்சு வர, அமிர்தநாதர் உறுப்பினர் போமோடை வந்தவர். இனி நீங்கள்தான் குடும்பத் தலைவர் எண்டு சொல்லிக் கையெழுத்து வாங்கினவர். எனக்கு வோட் வந்த நாள் அதுதான், யோகமலர்." பிறகு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டா. ஒன்பது வருடமும் எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினதைத் தவிர அந்த வாக்கை வைத்து அவ ஒன்றும் செய்ததில்லை.

கட்டுரையை எழுதத் தொடங்கியபிறகுதான் அந்தப் பத்தொன்பது பேரைக் கண்டேன். ஆயிரத்து எண்ணூற்று நான்கில் நியூ ஜேர்சியில் ஜெஃபர்சன் பக்கத்துக்கு விழுந்த வாக்குகள், கிடைத்திருக்கிற கணக்கின்படி, பதின்மூவாயிரத்துச் சொச்சம். எதிர்ப் பக்கத்துக்குப் பத்தொன்பது. பத்தொன்பதாயிரம் என்று வாசித்துவிட்டேனாக்கும் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தேன். பத்தொன்பதுதான். எதிர்க்கட்சி அந்த மாநிலத்தில் சண்டையையே விட்டுவிட்டதாம். அப்படியிருந்தும் பத்தொன்பது சனம் கார்த்திகை மாதத்துக் குளிருக்குள் வெளிக்கிட்டு, குதிரையிலோ நடந்தோ போய், தோற்கும் என்று தெரிந்த வாக்கைப் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது. அவர்களுடைய கொள்கை எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை, அது வேறு கதை. ஆனால் ஏன் போனார்கள் என்று பஸ்ஸில் யோசித்தேன், மாடிப்படியில் யோசித்தேன், பாத்திரம் கழுவும்போது யோசித்தேன். அவர்களுக்குள் ஒரு விதவையாவது இருந்திருப்பாளா என்று ரீச்சரிடம் கேட்டேன். அதற்குச் சான்றில்லை, இல்லாததை எழுதக்கூடாது என்றார். எழுதவில்லை. நினைப்பதற்குச் சான்று வேண்டாம்தானே, நினைத்துக்கொண்டேன்.

பேசும் நாளில், வீட்டில் இருக்கிற பழைய பெயர்ப்பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்து, அதில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று காட்டவேண்டும் என்பது கடைசிப் பகுதி. எனக்கு உடனே ஞாபகம் வந்தது. ஒன்றியத்தைத் தொண்ணூற்றொன்றில் தொடங்கியபோது நான்தான் முதல் செயலாளர். கனடாவுக்கு நான் முதலில் வந்தேன், எண்பத்தொன்பதில், தனியாக. இரத்தினவேல் அப்போது கொழும்பில் லொட்ஜில் இருந்து விசாவுக்கு அலைந்துகொண்டிருந்தார். எங்கள் கட்டடத்தின் கீழ் மண்டபத்தில் பதினொரு பேர் கூடினோம். எழுத்து வடிவானது என்று கொப்பியை என்னிடம் தந்தார்கள். உறுப்பினர் பெயர்களும் நான்தான் எழுதினேன், யாப்பும் நான்தான் எழுதினேன். மாமா ஒருவர் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்து விதிகளை மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல எழுதியது. அந்த முதல் கொப்பியை ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. அதில் என் பெயர் இருக்கவேண்டும். பிறகு ஆரோ எடுத்திருக்கவேண்டும். எடுத்தவனின் கையெழுத்தை அமிர்தநாதர் அண்ணையின் முகத்துக்கு நேரே நீட்டுவேன் என்று, ஒரு ஞாயிறு பின்னேரம் அலமாரிக்கு மேல் இருந்த சூட்கேசை இறக்கினேன்.

சிவப்பு மட்டைக் கொப்பி. மூலை கறையான் தின்னாமல் அப்படியே இருந்தது. முதல் பக்கம், ஏழாம் இலக்கம், யோகமலர். பின்னால் குடும்பம் என்று இல்லை, திருமதி என்றுகூட இல்லை. வெறும் யோகமலர். அதன் மேல் நீல மையில் ஒரு கோடு. அடிமட்டம் வைத்துப் போட்ட கோடு, துளி கோணல் இல்லை. பக்கத்தில் எழுதியிருந்தது: இரத்தினவேல் (குடும்பம்). அதற்கும் பக்கத்தில் சின்னதாக, வந்து சேர்ந்திட்டார், ஐப்பசி 93.

என் கையெழுத்து. அடிமட்டமும் என்னுடையது, தொழிற்சாலையில் சட்டம் அளக்கத் தந்த இரும்பு அடிமட்டம். நான் கட்டிலில் இருந்துவிட்டேன். எல்லாம் திரும்ப வந்தது. அவர் வந்து இறங்கிய கிழமை நான் லீவு போட்டுக்கொண்டு ஓடித்திரிந்தேன். வீட்டு லீசில் அவர் பெயர், தொலைபேசியில் அவர் பெயர், கீழே கடிதப்பெட்டியில் ஒட்டியிருந்த என் பெயரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு அவர் பெயர். ஒருவரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. நாலு வருடம் தனியாக ஒரு வீட்டை இழுத்தவள், அவர் வந்துவிட்டார் என்று ஊருக்குக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தக் கோட்டைப் போடும்போது நான் பாட்டு முணுமுணுத்திருப்பேன், சந்தேகமே இல்லை. எனக்குப் பின்னால் வந்த பெண்களும் அதைப் பார்த்து அப்படியே செய்தார்கள். ஐந்தாறு வருடத்தில் அது வழக்கமாகி, பிறகு யாப்பில் ஒரு விதியாக ஏறிவிட்டது. நியூ ஜேர்சிக்காரிகளிடம் பறித்தார்கள். நான் கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கம் வந்தது, வெட்கத்துக்குப் பின்னால் நல்ல கோபம் வந்தது, அந்தக் கோபத்தில் எழும்பித் தேத்தண்ணி போட்டேன்.

இரத்தினவேலிடம் கொப்பியைக் காட்டினேன். வந்து சேர்ந்திட்டார் என்ற இடத்தை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். எனக்கு இது தெரியாது என்றார். பிறகு, "இப்ப இதுக்கு என்ன செய்யிறது?" என்று மெதுவாகக் கேட்டார். கூட்டத்துக்கு வருவேன், எதிர்ப்பேன் என்றேன். அமிர்தநாதருக்கு முன்னாலோ என்றார். அவருக்கு முன்னால்தான் என்றேன். அவர் பேப்பரைத் தூக்கவில்லை. சன்னலால் கீழே பஸ் தரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பில் பேசி முடித்தபோது ஆப்கானிஸ்தான் பெண் முதலில் கைதட்டினாள். அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தால் இது முடியாது. பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, ஸ்காபரோவில் ஒரு பிளாசாவுக்குள் இருக்கிற விருந்து மண்டபத்தில் பொதுக்கூட்டம். முன்வரிசைகளில் குடும்பத் தலைவர்கள். பின்னால் ரோல்சும் தேத்தண்ணியும் வைத்த மேசையைச் சுற்றிப் பெண்கள். இருக்கச்சொல்லி ஒருவரும் சொல்வதில்லை, எழும்பச்சொல்லியும் சொல்வதில்லை, அப்படியே பழகிவிட்டது. நான் மூன்றாம் வரிசையில் இரத்தினவேலுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். திரும்பிப் பார்த்தவர்களைப் பார்த்துச் சிரித்தேன். கைப்பையில் சிவப்புக் கொப்பி இருந்தது.

செயலாளர் மாக்கஸ் வங்கியில் வேலை செய்கிறவர், எட்டு வயதில் இங்கே வந்தவர். வாழ்நாள் தலைவர் தீர்மானத்தைத் தடக்கித் தடக்கி வாசித்தார். ஒருவர் வழிமொழிந்தார். அமிர்தநாதர் அண்ணை தரையைப் பார்த்து அடக்கமாக நின்றார். மேசையில் மாலை தயாராக இருந்தது. கைதட்டல் தொடங்கிவிட்டது. நான் எழும்பினேன். 

"வாக்கெடுப்பு வேணும்," என்றேன்.

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. அமிர்தநாதர் அண்ணை என்னைப் பார்த்துச் சிரித்தார், அதே சிரிப்பு. "கேக்கிறதெண்டால் உறுப்பினர் ஆராவது கேக்கவேணும், தங்கச்சி," என்றார். பிறகு இரத்தினவேலைப் பார்த்தார். மண்டபம் முழுவதும் இரத்தினவேலைப் பார்த்தது. அவர் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், காதுமடல் சிவந்திருந்தது. எனக்கு அவரில் ஆத்திரம் வந்தது, பாவமாகவும் இருந்தது. முதல் வேலை எடுத்துத் தந்தவருக்கு முன்னால் வாய் திறப்பது லேசில்லை. நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பின்னால் ரோல்ஸ் மேசையடியில் ஒரு இடுக்கி தட்டில் விழுகிற சத்தம் கேட்டது.

"நான் உறுப்பினர்தானே," என்றா பேர்ணடெற் அக்கா. "நான் கேக்கிறன்."

ஒன்பது வருடத்தில் அந்தக் கூட்டத்தில் அவ சொன்ன முதல் வசனம். மாக்கஸ் அமிர்தநாதர் அண்ணையைப் பார்த்தார், அவர் தலையை ஆட்டினார். வேறு என்ன செய்வது? மாக்கஸ் கடதாசிகளைத் துண்டு துண்டாகக் கிழித்து, வந்திருந்த நாற்பத்து மூன்று குடும்பத்துக்கும் நாற்பத்து மூன்று கொடுத்தார். யாரோ நீல பிஸ்கற் பேணி ஒன்றைக் காலியாக்கி மேசையில் வைத்தார்கள். இரத்தினவேல் தன் துண்டைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு அதை என் மடிமேல் வைத்தார்.

"இந்தாரும். நீர் எழுதும்."

அது அவருக்குப் பெரிய காரியம். அமிர்தநாதர் அண்ணை பார்த்துக்கொண்டுதான் நின்றார். முப்பத்தொன்பது வருடத்தில் எனக்கு அவர் தந்தவற்றில் அது சின்னது இல்லை. ஆனாலும் நான் எடுக்கவில்லை.

"இது உங்கட வோட். நீங்கள் விரும்பினதைப் போடுங்கோ. எனக்கு என்ரை வேணும்."

பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்து ஒரு ஒற்றையைக் கிழித்தேன். இல்லை என்று எழுதினேன். கீழே யோகமலர் என்று எழுதினேன். எழும்பிப் போய், வரிசையில் நின்ற குடும்பத் தலைவர்களுக்குப் பின்னால் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் தள்ளி நிற்பதா வேண்டாமா என்று தெரியாமல் நெளிந்தார். பேணிக்குள் ஒற்றையைப் போட்டேன். பெரிய ஒற்றை, மடித்தும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. விரலால் அமத்தி உள்ளே தள்ளினேன்.

எண்ணினார்கள். ஓம் நாற்பது. இல்லை மூன்று. மூன்று என்றதும் மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு. ஒன்று பேர்ணடெற் அக்கா. மற்ற இரண்டும் யார் என்று நான் இன்றுவரை ஒருவரிடமும் கேட்கவில்லை. பேணியின் அடியில் என்னுடைய ஒற்றை இருந்தது. மாக்கஸ் அதை விரித்துப் பார்த்துவிட்டு அமிர்தநாதர் அண்ணையிடம் நீட்டினார்.

"இது செல்லாது," என்றார் அவர். சிரிப்பு இப்போது இல்லை. "கிழிச்சுப் போட்டிட்டு அடுத்ததைப் பாருங்கோ."

நான் மேசைக்கு முன்னால்தான் நின்றேன். கைப்பையைத் திறந்து சிவப்புக் கொப்பியை எடுத்து, கடைசிப் பக்கங்களைப் புரட்டி மாக்கஸுக்கு முன்னால் வைத்தேன். யாப்பு, பதினான்காம் விதி. செல்லாத வாக்குகளும் அறிக்கையில் பதியப்படவேண்டும். கூட்டுறவுச் சங்கத்து மாமா சொல்ல நான் எழுதியது. பிறகு எத்தனையோ விதியை மாற்றினார்கள். வாக்கெடுப்பே நடக்காததால் இதை ஒருவரும் தொடவில்லை. மாக்கஸ் தன் கணினியில் இருந்த புதிய யாப்பைத் தேடிப் பார்த்தார். அங்கேயும் பதினான்கு அதேதான். தீர்மானம் வென்றுவிட்டது அண்ணை, நான் மறிக்கவில்லை, நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும் என்றேன். அமிர்தநாதர் அண்ணை கொப்பியின் முதல் பக்கத்தைத் திருப்பினார். அவருடைய பெயரும் அங்கே இருந்தது, நாலாம் இலக்கத்தில். அவருடைய கண் கீழே இறங்கி ஏழாம் இலக்கத்தில் நின்றதை நான் பார்த்தேன். வயதுபோன மனிதர், நெற்றியில் வியர்த்திருந்தது.

"எழுதிவிடும்," என்று மாக்கஸிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

மாக்கஸ் அறிக்கைப் புத்தகத்தில் எழுதினார்: ஏகமனதாக என்று தொடங்கி வைத்திருந்ததை வெட்டி, ஓம் 40, இல்லை 3, செல்லாத வாக்கு ஒன்று. ஆருடையது என்பதையும் எழுதச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "அன்ரி, மை தமிழ் ரைற்றிங் இஸ் ஸோ பாட். நீங்களே எழுதுறீங்களா?" என்று புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.

பின்னால் மாலை போட்டார்கள். வாழ்நாள் தலைவருக்குக் கைதட்டினார்கள், ஒருவர் விசிலும் அடித்தார். நான் பேனையை எடுத்தேன். அறிக்கைப் புத்தகம் தடித்த புத்தகம், விட்டால் தானாக மூடிக்கொள்ளும். முழங்கையால் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு யோ என்று தொடங்குமுன் மற்றப் பக்கம் எழும்பி வந்து கையில் அடித்தது. அப்போது மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை ஓரமாக நகர்ந்தது. இரத்தினவேல். எப்போது எழும்பி வந்தார் என்று தெரியாது. அவர் கைதட்டவில்லை. குனிந்து, எனக்கு எழுத இடம் விட்டு, அந்தப் பக்கத்தின் இரண்டு மூலைகளையும் தன் விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.